பதினோராம் நம்பர் கோலம்

— ரேம்ப்ல யாருண்ணே கோலம் போடச் சொன்னது?

— நான்தான்மா. ஏன், அழகா இல்லியா?

— அழகாத்தான் இருக்கு பாலன் அண்ணே, அதான் பிரச்சனையே. இன்னும் அரை மணி நேரத்துல சுதர்சினி வந்துருவா. அவ வீல்சேர் எது மேல ஏறும்?

— சின்ன விஷயம் குமுதா, டென்ஷன் ஆகாத லா. கோலப் போட்டிக்குப் பதினோரு பேரு. மண்டபத்து வாசல்ல பத்துக்குத்தான் எடம். வீரம்மா வந்து, 'தலைவரே, என் எடம் எங்க?'ன்னு நின்னுச்சு. இங்க புது சிமெண்டு, மழமழன்னு இருக்கு. போடுன்னுட்டேன்.

— அந்தப் புது சிமெண்ட எதுக்குப் போட்டோம்?

— தெரியும்மா. கமிட்டியில மொதல்ல கையத் தூக்கினதே நான்தானே.

— அப்ப அழிச்சிருங்க.

— நல்லா சொன்னே போ! ஜட்ஜுங்க பத்து மணிக்குத்தான் வராங்க. விடியறதுக்கு முன்னாலேர்ந்து குனிஞ்சே கெடக்குது அந்த அம்மா. மயிலு கழுத்துக்கு மட்டும் நாலு நீலம். அத அழிச்சா என்னைய அழிச்சிரும்.

— கடவுள் வாழ்த்து ஒம்போதரைக்குண்ணே! அவதான் பாடணும்.

— அதுக்கும் ஏற்பாடு இருக்கு. நாலு பேர படிகிட்ட நிப்பாட்டி வச்சிருக்கேன். வீல்சேரோட அலாக்கா தூக்கி உள்ள வச்சிருவாங்க. சாமி தூக்குற கைங்க, ஆடாது.

— ஐயோ, தூக்கவே கூடாதுண்ணே! அவ கேட்டது அது ஒண்ணுதான். 'நான் அரிசி மூட்டை இல்லடி. யாரும் தூக்காம நானே உள்ள வர முடியும்னா கூப்பிடு'ன்னா. என் புள்ள மேல சத்தியம் பண்ணியிருக்கேன்.

— நீ வேற. ஆக்சிடென்டுக்கு அப்புறம் மூணு வருஷமா பொங்கலுக்குக் கூப்பிடுறோம். எல்லா ஏற்பாடும் இருக்கு, வாங்கன்னு நானே போன்ல சொல்லுவேன். இந்த நாலு பேரும் எட்டு மணிக்கே படியில வந்து நிப்பாங்க, பாவம். கடைசி நிமிஷத்துல போன் வரும். காய்ச்சலாம்! பிரிக்பீல்ட்ஸுக்குக் குடி போனதும் நம்ம கிள்ளான் கசக்குது. இன்னிக்கும் வராது, பாரு.

— அவ அப்படிப்பட்டவ இல்ல. ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து என் பக்கத்துல உக்காந்தவ. இந்த வாட்டி ஏமாத்திட்டேன்னா இனி என் மூஞ்சியில முழிக்க மாட்டா. ஓகேயு டாய்லெட், அந்த வீல்சேர் போற டாய்லெட், அது சாவியாவது யார்கிட்ட இருக்கு?

— அது வந்து... தீபாவளித் தோரணம், ஒடைஞ்ச நாற்காலி, பழைய பேனர் எல்லாம் அதுலதான் அடுக்கியிருக்கோம். யாரும் போறதில்லியேன்னு...

— படியத் தாண்டி உள்ளயே வர முடியலியேண்ணே, அப்புறம் அங்க யாரு போவா?

— சரி சரி, கோவிச்சுக்காத. காலி பண்ணிரலாம்.

— இருங்க, போன் அடிக்குது. அவதான். ஹலோ, சுதா! எங்க வந்துட்டே?

— ஷா ஆலம் கிட்ட. ஒரே ஜாம். நானே காடி ஓட்டிக்கிட்டு வரேன்ல, மெதுவாத்தான் வரணும். அங்க எல்லாம் சரியா இருக்கா?

— இருக்குடி. ரேம்ப் பளபளன்னு இருக்கு.

— முன்வாசல் வழியா நானே ஏறிருவேன்ல?

— அதெல்லாம்... நீ பாத்து வா. கொஞ்சம் மெதுவாவே வா.

— ஏன் மெதுவா?

— சும்மாதான்டி. வை, அப்புறம் கூப்பிடுறேன்... அண்ணே, பொய் சொல்லிட்டேன்.

— இதுக்குப் போயி அலட்டிக்கிறியே! பின்னால சமையக்கட்டு வாசல் இருக்கு. ஒரு பலகையப் போட்டு, அடுப்பக் கொஞ்சம் தள்ளி வச்சா வீல்சேர் நுழைஞ்சிரும். கோலமும் பொழைக்கும், பாட்டும் பொழைக்கும்.

— எல்லாரும் வாழை மரத்துக்கு நடுவுல பன்னீர் தெளிச்சு வரணும், அவ மட்டும் வெங்காயத் தோலு மேல வரணுமா?

— ஒரு நாள் விஷயம் லா. படிச்ச புள்ள, புரிஞ்சிக்கும். கேட்டுப் பாரு. ஸ்பீக்கர்ல போடு, நானும் ஒரு வார்த்த சொல்றேன்.

— எனக்கு மனசே வரல... சரி, வேற வழி? ஹலோ, சுதா?

— சொல்லு.

— ஒண்ணும் இல்லடி. இன்னிக்கு மட்டும் பின்னால சமையக்கட்டு வழியா வரியா? யாரும் தூக்க மாட்டாங்க, சத்தியமா. முன்னால, ரேம்ப்ல, ஒரு கோலம் போட்டுட்டாங்க. பத்து மணிக்கு ஜட்ஜுங்க பாத்த ஒடனே அழிச்சிருவோம். சுதா? கேக்குதா?

— கேக்குது.

— கோவமாடி? திட்டவாவது திட்டு.

— காலையிலேர்ந்து ஒடம்பு கதகதன்னு இருக்கு குமுதா. காய்ச்சல் போல. நான் அப்படியே திரும்பிடுறேன். வேற யாரையாவது பாடச் சொல்லு.

— பாத்தியா? பாத்தியா? நான் சொன்னேன்ல? காய்ச்சலு!

— அண்ணே, செத்த சும்மா இருங்க! சுதா, வச்சிராத. இங்க மைக் டெஸ்டிங் பண்றாங்க. அதே சத்தம் உன் போன்லயும் கேக்குதே. நீ ஷா ஆலத்துல இல்லியா?

— இல்ல.

— எங்கடி இருக்கே?

— கேட்டுக்கு எதிர்ல. மரத்தடியில ஒரு வெள்ளக் காடி நிக்குது பாரு.

— எப்ப வந்தே?

— எட்டு மணிக்கு. அந்த அம்மா மயிலு கழுத்துக்கு நீலம் போடுறதப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

— அப்ப ஏன்டி ஷா ஆலம்னு சொன்னே?

— கொஞ்சம் நேரம் குடுத்தா நீ அழிச்சிருவேன்னு நெனச்சேன். பாலன் அண்ணன் கிட்ட சொல்லு. அந்த நாலு பேரும் என்னத் தூக்கப் படியில காத்துக்கிட்டு நின்னத மூணு வருஷமும் இதே மரத்தடியில உக்காந்துதான் பாத்தேன். காய்ச்சல்னு போன் பண்ணதும் இங்கேர்ந்துதான்.