கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்

"கடைசியா உள்ள வந்தது யாருப்பா? கதவச் சாத்துங்க. குளிரு எலும்பு வரைக்கும் இறங்குது," என்றேன்.

"நான்தான் கடைசி. கத்தாத பெருசு," என்று டோபி எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வந்தான்.

ஐந்து பேர் இருந்தோம். தெற்கு இங்கிலாந்தில் சவுத் டவுன்ஸ் குன்றின் மேல் ஒரு பழைய வைக்கோல் கொட்டகை, இப்போது சைக்கிள்காரர்களுக்கு ராத்தங்கல். இரும்பு அடுப்புக்கு மேலே எங்கள் சாக்ஸெல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. அந்த நாற்றத்துக்கு எந்தப் பேயும் பக்கத்தில் வராது. வெளியே ஐந்து சைக்கிள்களும் சுண்ணாம்புச் சேறு அப்பி, எது யாருடையது என்று தெரியாமல் சாய்ந்து கிடந்தன. காலையிலிருந்து சரளைப் பாதை, மழை, மேடு, ஆட்டு வேலிக் கேட்... மறுபடி மேடு, மறுபடி கேட். டப்பா பீன்ஸைச் சுடவைத்துச் சாப்பிடக்கூட யாருக்கும் தெம்பில்லை.

"உடம்பு கெஞ்சுது, தூக்கம் மட்டும் வரமாட்டேங்குது," என்றாள் பிரையனி. "எதாவது சொல்லுங்க தலைவரே. பேய்க் கதைன்னாலும் பரவாயில்ல."

சொல்கிறேன். ஆனால் கதை இல்லை. என் சிநேகிதி ஹெட்டி வீட்டில் நடந்தது. அவள் புருஷன் அலெக், அவள் கொழுந்தன் பியர்ஸ். அண்ணன் தம்பி இரண்டு பேரும் நம் சைக்கிள் கிளப்தான், உங்களுக்கெல்லாம் முன்னால்.

அக்டோபர் கடைசி ஞாயிறு. குளிர்காலத்துக்காக நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கும் நாள். சாயங்காலம் ஐந்து மணி... முந்தின நாள் இதே ஐந்து மணிக்கு வெயில் அடித்தது. அன்றைக்கு இருட்டு. வருஷா வருஷம் இந்த நாட்டில் எல்லோரும் ஏமாறுவதுதான். பியர்ஸும் ஏமாந்தான், பழைய கணக்கிலேயே வழியைப் போட்டுவிட்டான்.

குன்றின் முதுகில் வெள்ளைப் பாதை. வீடு இல்லை. விளக்கு இல்லை. மூடுபனி இடுப்பு வரைக்கும் ஏறிவிட்டது. செம்மறிகள் எங்கேயோ இருமுகின்றன... மனுஷன் இருமுவது போலவே இருமும், கேட்டிருப்பீர்கள்.

அலெக்குக்கு வசந்தத்தில்தான் இதய ஆபரேஷன் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அதுதான் முதல் நீண்ட சவாரி. காலையில் வாசலில் தேநீர் பிளாஸ்க்கைக் கொடுத்துக்கொண்டே ஹெட்டி சொன்னாளாம்:

"பியர்ஸ், அவர் கூடவே போ. முன்னால ஓடிப்போய் மேட்டு மேல நின்னு வேடிக்கை பாக்காத. அவர நான் முழுசாத் திருப்பி வாங்கணும்."

"அண்ணி, அவன் உங்களுக்குப் புருஷன் ஆகறதுக்கு முன்னாலயே எனக்கு அண்ணன். போங்க உள்ள."

போனார்கள். காலையில் பியர்ஸ் சிரித்துக்கொண்டே காத்திருந்தான். மதியம் பெருமூச்சு விட்டுக்கொண்டு காத்திருந்தான். சாயங்காலம்... உங்களுக்கே தெரியும். மிதிப்பதைவிடக் காத்திருப்பதுதான் அலுப்பு. வேர்வை முதுகிலேயே ஆறும். பல் தந்தியடிக்கும். பின்னால் தூரத்தில் அலெக்கின் விளக்கு ஒரு புள்ளி. அவன் சக்கரம் மட்டும் சில்வண்டு மாதிரி டிக்... டிக்... டிக்... என்று சத்தம் போடும். அதை வைத்தே அவன் வருகிறான் என்று தெரிந்துகொள்ளலாம்.

அடுத்த மேட்டில் ஒரு கேட். பியர்ஸ் கையை நீட்டுவதற்குள் அது திறந்தது.

கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் நின்றார். தலையோடு சேர்த்துப் போர்த்திய பழைய எண்ணெய்த்துணி மழையங்கி. பக்கத்தில் ஒரு கனத்த சைக்கிள், அதில் புஸ்ஸென்று இரைந்துகொண்டு ஒரு விளக்கு. மாம்பழ மண்டிக்குள் நுழைந்தால் மூக்கில் ஏறுமே, அந்தக் கார்பைட் வாசனை. இந்தக் காலத்தில் யார் கார்பைட் விளக்கு வைத்திருக்கிறார்கள் என்று பியர்ஸ் நினைத்தான். அதற்கு மேல் நினைக்க அவனிடம் சக்தி இல்லை.

கேட் வழக்கம் நமக்குத் தெரியும். திறந்தவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கடந்து போகிறவர், பின்னால் ஆள் இருந்தால் சொல்ல வேண்டும். கடைசி ஆள் "கடைசி" என்று குரல் கொடுத்த பிறகுதான் கேட் மூடும். ஆடு வெளியே போகக் கூடாது, ஆள் அந்தப் பக்கம் நிற்கக் கூடாது. நம் வேதம் அவ்வளவுதான்.

கிழவர் கேட்டார்: "பின்னால ஆள் இருக்கா தம்பி?"

டிக்... டிக்... அலெக்கின் சக்கரம் பள்ளத்தில் கேட்டது. இன்னும் ஒருத்தர் என்று சொன்னால் தானும் மரியாதைக்கு அங்கேயே நிற்க வேண்டும். மறுபடி அந்தக் குளிர். மறுபடி காத்திருப்பு. எத்தனை தடவைதான்...

"இல்ல. நான்தான் கடைசி."

க்ளிங்.

அவ்வளவுதான். அவன் இறக்கத்தில் இறங்கிப் போய்விட்டான். கீழே கார் நிறுத்திய இடத்தில் காத்திருந்தால் போதும் என்று நினைத்தான். அலெக்குக்குக் கேட்டைத் திறக்கத் தெரியாதா என்ன.

அலெக் வரவில்லை.

ஹெட்டி அப்போது அடுப்படியில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அலெக். மூச்சு வாங்குகிறது, ஆனால் குரலில் கோபம் இல்லை. ஏதோ கடைக்காரரோடு தகராறு மாதிரி அலுப்பாகப் பேசினானாம்.

"ஹெட்டி, பியர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லேன். போன் எடுக்க மாட்டேங்கிறான். இங்க கேட்டுல ஒரு பெரியவர் நிக்கிறார். நானும் வரேன், நானும் வரேன்னு சொல்றேன்... கடைசி ஆள் போயாச்சுங்கிறார். மூடியாச்சுங்கிறார்."

அப்புறம் சத்தம் இல்லை. செம்மறி இருமுவது மட்டும் கேட்டதாம்.

விடிந்ததும் கண்டுபிடித்தார்கள். அலெக் கேட்டின் அந்தப் பக்கம், மேல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி மண்டியிட்டிருந்தான். இதயம் நின்றுபோயிருந்தது. கேட்டுக்குத் துருப்பிடித்த சங்கிலி, கம்பிகளுக்கு நடுவே கட்டைவிரல் தடிமனுக்கு முள்கொடி. எங்கப்பா காலத்துலயே மூடினது என்றார் பண்ணைக்காரர். பாதை பக்கத்திலேயே வேறு வழியாகத் திரும்பிப் போகிறது. ஈரச் சுண்ணாம்பில் பியர்ஸின் டயர் தடம் மட்டும் அந்த மூடின கேட்டுக்கு அடியில் நேராக... ஒரு சாண்கூட விலகாமல் போயிருந்தது.

"ஏறிக் குதிச்சிருக்கலாமே?" என்றான் டோபி.

குதித்திருக்கலாம். என் இடுப்பு உயரம்தான் அந்தக் கேட்.

ஹெட்டி அழவில்லை. பியர்ஸைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கேட்டுல நின்ன பெரியவர் உன்னக் கேட்டிருப்பாரே... நீ என்ன சொன்ன?"

"யாரு? யாரும் என்ன எதுவும் கேக்கல அண்ணி."

அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். பாதிரியார் முடித்தார், மண் போட்டோம், எல்லோரும் கிளம்பினோம். தேவாலயக் கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு மரக் கேட். பியர்ஸ் முன்னால் போய்த் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். பழக்கம், வேறென்ன. ஒவ்வொருவராகக் கடந்தோம். எல்லோருக்கும் பின்னால் ஹெட்டி வந்தாள், கறுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு.

அவன் வாய் தானாகக் கேட்டுவிட்டது. "பின்னால ஆள் இருக்கா அண்ணி?"

ஹெட்டி நின்றாள். திரும்பி, காலியான பாதையைப் பார்த்தாள். வேண்டுமென்றே சொன்னாளா, எதையாவது பார்த்துத்தான் சொன்னாளா... இன்று வரைக்கும் அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இருக்கார்," என்றாள். "இன்னும் ஒருத்தர் வர்றார்." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பாவம் பியர்ஸ். விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த சாண்ட்விச், தேநீர் எல்லாம் முடிந்து, இருட்டின பிறகு நான் காரை எடுக்க வந்தேன். அப்போதும் பிடித்துக்கொண்டு நின்றான். மழையில் தொப்பலாக நனைந்திருந்தான்.

"டேய், வாடா போகலாம்," என்றேன்.

"இன்னும் வரலியே."

அங்கேயே நின்றுகொண்டுதான் எனக்கு அந்தக் கிழவரைப் பற்றிச் சொன்னான். முழுவதும் சொன்னான். அழுதான். நானும் தேவாலயத்து ஆள் ஒருவரும் சேர்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் அவன் கையை எடுத்தோம். பெரிய கேட் அது, கையை எடுத்தால் தானாகச் சாத்திக்கொள்கிற மாதிரி ஸ்பிரிங் வைத்தது. சாத்திக்கொள்ளவில்லை. அப்படியே திறந்தபடி... யாரோ பிடித்திருக்கிற மாதிரி நின்றது. மழையில் அந்தக் கார்பைட் வாசனை எனக்கும் அடித்தது.

பியர்ஸ் அதற்குப் பிறகு சைக்கிளைத் தொடவில்லை. சரி, நானும் களைத்துப்போனேன். தூங்குங்கள், நாளைக்கும் இதே மேடுதான்.

விறகு சரிந்தது. பிரையனி போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் என் காலில் சில்லென்று காற்று பட்டது. நிமிர்ந்து பார்த்தேன். டோபி சாத்திவிட்டு வந்த கதவு விரியத் திறந்திருந்தது.

"யாருப்பா கடைசி?" என்றேன். "கதவச் சாத்துங்க."

நான்கு பேரும் விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தரும் 'நான்தான் கடைசி' என்று சொல்லவில்லை. எனக்கும் எழுந்து போக மனசு வரவில்லை. விடியும் வரைக்கும் அந்தக் குளிரிலேயே படுத்துக் கிடந்தோம்.