இடது பக்கப் பழுது

— இயர்ஃபோன் இவ்வளவு மலிவா இருந்தா யோசிக்கத்தானே வேணும் பொண்ணே. ரெண்டு நாள்ல ஊமையாயிடுமோ?

— ஆகாதுக்கா. அறுந்து போக வயரே இல்லையே. காதுக்கு ஒண்ணு, அவ்வளவுதான். ஃபோன்ல ப்ளூடூத்தைப் போட்டா தானா ஒட்டிக்கும்.

— தானா ஒட்டிக்கும்... ம். இந்தக் கடையில எல்லாமே அப்படித்தான்னு கேள்விப்பட்டேன்.

— என்னக்கா?

— ஒண்ணுமில்லை. நாத்தனார் பையனுக்கு வாங்கலாம்னு பாக்கறேன். சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும்?

— காலையில போட்டா சாயங்காலம் வரைக்கும் வரும். அட்டையில அதுக்கு மேல எழுதியிருப்பாங்க, அதை நம்பாதீங்க.

— பரவாயில்லையே, உண்மையும் பேசற.

— மலிவுச் சரக்கை மலிவுச் சரக்குன்னுதான் சொல்வேன். மழையில நனைஞ்சா போச்சு. பஸ் நெரிசல்ல ஒண்ணு கீழே விழுந்தா, போனது போனதுதான். மத்தபடி குடுக்கற காசுக்கு மோசமில்லை.

— நல்லா பேசற. உதட்டுச் சாயம்கூட எடுப்பா இருக்கு. தினமும் போடுவியா, இல்லை ஆளைப் பாத்துப் போடுவியா?

— தினமும்தான். இந்தப் பாரங்கியா ஊர் வெயில்ல மத்தியானத்துக்கு மேல எங்க நிக்குது.

— அப்போ காலையில வர்றவனுக்கு அதிர்ஷ்டம்.

— ஸ்டூல்ல உக்காருங்களேன். எவ்வளவு நேரம் நின்னுட்டே...

— ஒரு ஸ்டூல்தானா?

— இருக்கற இடத்துக்கு அதுவே அதிகம்.

— ரெண்டு பேர் உக்காரலாம் போலிருக்கே.

— நெருக்கி உக்காந்தா உக்காரலாம்.

— நெருக்கி. ஆமா, அப்படித்தான் சொன்னாங்க.

— யாருக்கா சொன்னாங்க?

— எனக்கு நிக்கவே பிடிக்கும். பழுதானா மாத்திக் குடுப்பியா?

— பெட்டியோட கொண்டாந்தா மாத்திக் குடுப்பேன்.

— ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தா?

— இந்தப் பெட்டியைப் பாருங்கக்கா.

— பேச்சை மாத்தாதே. வர்றாங்களா?

— ஒருத்தர் வந்தார்.

— எப்படி இருப்பார்?

— உயரமா. முன்நெத்தி ஏறியிருக்கும். பக்கத்துல நின்னாலும் தெருவுக்கே கேக்கற மாதிரி பேசுவார்.

— கல்யாணம் ஆனவரா?

— மோதிரம் போட்டிருந்தார்.

— கழட்டி வெக்கலையா? தைரியசாலிதான். அவருக்கு என்ன குறையாம்?

— இடது பக்கம் சத்தம் வரலைன்னார்.

— எல்லாத்துலயுமா?

— குடுத்தது எல்லாத்துலயும்.

— அடேயப்பா. ஊர்ல எல்லாருக்கும் ரெண்டு பக்கமும் பாடுது, அவருக்கு மட்டும் இடது பக்கம் பாடலை. திரும்ப வர்றதுக்கு ஒரு சாக்குன்னு உனக்குத் தோணலை?

— தோணிச்சு.

— தோணினதும் என்ன செஞ்சே? சிரிச்சியா?

— நீங்களே போட்டுப் பாருங்கக்கா. பாக்காம எப்படி முடிவு பண்ணுவீங்க? இது வலது. இது இடது... இப்படி லேசா திருப்பி விடுங்க.

— கையை எடு, நானே போட்டுக்கறேன்.

— கேக்குதா?

— கேக்குது.

— ரெண்டு பக்கமும்?

— ரெண்டு பக்கமும்தான். ஒரு குறையும் இல்லை.

— வலதுல மேளம். இடதுல கிட்டார். பாடறவன் நடுவுல. அதுதான் ஸ்டீரியோ. கண்ணை மூடிக்கிட்டீங்கன்னா...

— இரு.

— ஏன்க்கா, சத்தம் அதிகமா?

— பேசாதே... இந்தப் பாட்டு உனக்கு எப்படிக் கிடைச்சது?

— ஃபோன்ல இருந்தது. கையில பட்டதைப் போட்டேன்.

— ஃபோன்ல இருந்ததா. இந்த ஊர்ல இந்தப் பாட்டு ஒருத்தன்கிட்டதான் இருக்கு. இசைத்தட்டோட நடுவுல பேர் போட்ட தாளை ஆணியால சுரண்டி எடுத்துட்டான். எந்த நாட்டுப் பாட்டு, யார் பாடினதுனு மத்த பிக்கோக்காரங்க, அதான் தெருவுல ஸ்பீக்கர் கட்டி ஆட்டம் நடத்தறவங்க, மோப்பம் பிடிச்சுடக் கூடாதாம். அலமாரியில வெச்சுப் பூட்டியிருக்கான். நான் தூசி தட்டினாலே பின்னாடி வந்து நிப்பான்.

— அக்கா...

— சனிக்கிழமை எங்க தெருவுல ஆட்டம். அன்னைக்குத்தான் முதல் தடவையா இதைப் போடப் போறான். அதுவரைக்கும் யாருக்கும் கேக்கக் கூடாது, அதுக்குத்தான் இந்தக் காதுக் கருவின்னான். ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி கட்டி, முன்னாடி பெலிகான் பறவை வரைஞ்சு, தெருவையே அதிர வெக்கறவன், கட்டைவிரல் அளவு சாமானுக்கு ஏன் அலையறான்னு கேட்டேன். தொழில் ரகசியம்னான். நானும் நம்பினேன்.

— சொல்றதைக் கொஞ்சம்...

— நீ சொல்ல வேண்டாம். சொந்தத் தம்பிக்கு இந்தப் பாட்டைக் குடுக்கலை. எனக்குப் பேரைக்கூடச் சொல்லலை. உனக்குப் பாட்டையே தூக்கிக் குடுத்திருக்கான். ஒரு சங்கிலி வாங்கிப் போட்டிருந்தா எனக்கு இவ்வளவு எரிஞ்சிருக்காது.

— உக்காருங்க டிலியாக்கா.

— என் பேர் உனக்கு எப்படித் தெரியும்?

— நீங்க கடை வாசல்ல நிக்கறப்பவே தெரியும். வில்ஃப்ரான் அண்ணன் ஃபோனைத் திறந்தா உங்க படம்தான். மஞ்சள் சட்டை, வாய் நிறைய மாங்கா.

— அந்தப் படத்தை அழிக்கச் சொல்லி... அண்ணனா? எப்போலருந்து அண்ணன்?

— அப்படித்தான் கூப்பிடறேன்.

— அண்ணன்கூட ஒரே ஸ்டூல்ல உக்காந்து, தலையோட தலை ஒட்டிக்கிட்டு, ஒரு ஜோடியை ஆளுக்கொண்ணா மாட்டிக்குவியா? பக்கத்து வீட்டு சோய்லா பாத்திருக்கா. மீன் வாங்க வந்தவ மீனை மறந்துட்டு எங்க வீட்டுக்கு ஓடி வந்தா. அவன் கண்ணை மூடிக்கிட்டு இருந்தானாம், நீ அவன் தொடையில தாளம் போட்டியாம்.

— தொடையில இல்லை. கையில.

— கை பரவாயில்லையா?

— சோய்லாக்கா பாத்தது நிஜம். நான் இல்லைன்னு சொல்லலை.

— யுரானிஸ்தானே உன் பேர்? கேளு யுரானிஸ். சண்டை போட நான் வரலை. வந்திருந்தா இந்தக் கண்ணாடிப் பெட்டி இந்நேரம் ரோட்டுல கிடக்கும். எனக்கு ஒண்ணு தெரியணும். அவன் வீட்டை விட்டுப் போகப் போறானா?

— எங்க போவார்?

— என்னைக் கேட்டா? கூப்பிட்டா திரும்பிப் பாக்கறதில்லை. கொரோசோ ஜூஸ் வேணுமான்னு மூணு தடவை கேட்டேன், சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கான். ராத்திரி வலது பக்கமா திரும்பிப் படுத்துக்கறான், எனக்கு முதுகுதான். அந்த முதுகுகிட்டயே கேட்டேன். அவளா நானா, ஒண்ணு சொல்லுன்னு கேட்டேன். இல்லைன்னு ஒரு பொய்யாவது சொல்லலாமில்லை? மூச்சு விடலை.

— கட்டில்ல நீங்க அவருக்கு எந்தப் பக்கம் படுப்பீங்க?

— அதையும் உனக்குச் சொல்லணுமா?

— சொல்லுங்கக்கா.

— இடது பக்கம். கல்யாணம் ஆனதுலருந்து.

— இடது பக்கமா?

— என்ன, ஏன் அப்படிப் பாக்கற?

— முதல்ல வாங்கின ஜோடியை மாத்திக் கேட்டு வந்தார். நான் காதுல வெச்சுப் பாத்தேன், நல்லாத்தான் இருந்தது. சரி, வேற குடுத்தேன். அதையும் கொண்டாந்தார். என்னை ஏமாத்தறியான்னு கத்தினார். அப்புறம் நான் ஒரு வேலை பண்ணினேன். பழைய ஜோடியையே புதுப் பெட்டியில போட்டுக் குடுத்தேன்.

— எதுக்கு?

— நீங்க நினைச்ச மாதிரிதான் நானும் நினைச்சேன். ஆள் வழியறார்னு. பொய்யைக் கையும் களவுமா பிடிக்கலாம்னு. திரும்ப வந்தார். இடது பக்கம் வரலைன்னார். கோபம் வந்துடுச்சு எனக்கு. அந்த இடது துண்டைப் பிடுங்கி அவர் வலது காதுல வெச்சேன்.

— சரி.

— பாடிச்சு.

— அது பாடத்தானே செய்யும்? பழுது இல்லைன்னு நீயே சொன்னியே.

— வலது துண்டை எடுத்து இடது காதுல வெச்சேன். எப்ப பாட்டைப் போடப் போறேன்னு கேட்டார்.

— பாட்டு ஓடலையா?

— முழுச் சத்தத்துல ஓடிட்டிருந்ததுக்கா. வெளியே நிக்கற எனக்கே கேட்டது.

— இல்லை.

— அக்கா...

— இல்லைங்கறேன். உனக்கு என்ன தெரியும்? இந்தக் கடலோரத்துலயே அவன் காது மாதிரி காது கிடையாது. ஊசி தட்டுல விழற சத்தத்தை வெச்சே எந்தப் பாட்டுனு சொல்வான்.

— ஒரு காதுல கேட்டே சொல்லியிருப்பார்.

— எப்பவும் பெட்டியை இடது பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் நிப்பான். அந்தப் பக்கம் மாறி நின்னா ராசி இல்லையாம். முதல் ஆட்டத்துலருந்து அப்படித்தான். விடிய விடிய. இடது காதுக்குப் பக்கத்துலயே அந்தப் பெட்டி...

— தண்ணி குடிக்கறீங்களா?

— வேண்டாம்... சரியா கேட்டியா? குறும்பி அடைச்சிருக்கப் போகுது. கடல்ல குளிச்சாகூட அடைச்சுக்கும்.

— நானும் அதையேதான் சொன்னேன். டாக்டர்கிட்ட போயிட்டு வந்துட்டார். அந்தப் பக்கம் போனது போனதுதானாம்.

— டாக்டர்கிட்ட யார் கூடப் போனான்?

— தனியாத்தான்.

— நீ போகலையே?

— போகலைக்கா.

— ம்.

— அதுக்கப்புறம்தான் இந்தப் பாட்டை ஃபோன்ல ஏத்திக் கொண்டாந்தார். எந்தப் பக்கத்துல என்ன வருதுன்னு தனித்தனியா கேட்டுக்குவார். ரெண்டும் சேர்ந்தா எப்படி இருக்குன்னு அவருக்குத் தெரியாதே. சனிக்கிழமைக்கு ரெண்டு பெட்டியையும் அதுக்குத் தகுந்த மாதிரி வெக்கணும். அதான் வலதை அவர் போட்டுப்பார், இடதை நான் போட்டுப்பேன். கிட்டார் எங்க ஏறுது, எங்க இறங்குதுனு அவர் கையில தட்டிச் சொல்வேன்.

— சோய்லா பாத்தது அதைத்தானா?

— அதைத்தான்.

— இதுக்கு உனக்கு என்ன குடுக்கறான்?

— ஆட்டத்துக்கு உள்ளே சும்மா விடறேன்னார். என் ரெண்டு தோழிகளையும் சேர்த்து.

— அவ்வளவுதானா?

— நல்ல பாட்டுக்கா. அதுவே போதும்.

— எனக்கு இன்னும் ஆறலை யுரானிஸ். நீ சொல்றது எல்லாம் புரியுது, ஆனா ஆறலை. தெரியுமா?

— தெரியுது.

— என்ன தெரியுது உனக்கு? பக்கத்துல படுத்திருக்கறவ நான். ராத்திரி பூரா அந்தச் செத்த காதுகிட்ட கேள்வி கேட்டவ நான். உனக்கு முதல்ல தெரிஞ்சிருக்கு. முதுகைக் காட்டினான்னு நினைச்சேன், நல்ல காதைத் தலையணையில அமுக்கிக்கிட்டுத் தூங்கியிருக்கான். நீ அவனைத் தொட்டிருந்தாகூட... கடவுளே, என்ன பேசறேன். இதை ஏன் என்கிட்ட சொல்லலை? உன்கிட்ட சொல்ல வாய் வந்ததே.

— என்கிட்டயும் அவரா சொல்லலை. என்கிட்ட மாட்டிக்கிட்டார்.

— அதுக்கப்புறமாவது என்கிட்ட வந்திருக்கலாமில்லை? ஊருக்கெல்லாம் சொல்லிடுவேன்னு பயமா? பெலிகான்காரனுக்கு ஒரு காது போச்சுன்னு தெரிஞ்சா ஒரு பய ஆட்டத்துக்குக் கூப்பிட மாட்டான், அது எனக்குத் தெரியாதா? நான் வாயைத் திறப்பேனா?

— ஊருக்குப் பயந்து இல்லைக்கா.

— பின்னே?

— சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார்.

— நான் கேக்கறேன், சொல்லு.

— சோய்லாக்கா பாத்துட்டுப் போனாங்களே, அன்னைக்கே அவர்கிட்ட சொன்னேன். உங்க வீட்டுக்குத்தான் போறாங்க, போய் நிஜத்தைச் சொல்லிடுங்கன்னேன். அசையவே இல்லை. நினைச்சுக்கட்டும், விடுன்னார்.

— என்ன நினைச்சுக்கட்டும்?

— நீங்க நினைச்சதைத்தான். அவளுக்குப் பொறாமை வந்தா பூரிக்கட்டையை எடுத்துட்டு வருவா, அது எனக்குப் பழகினது, அப்போ நான் அவளுக்கு இன்னும் ஒரு ஆம்பளைன்னார். ஐயோ பாவம்னு சோத்தைத் தட்டுல போட்டுட்டு, காதுகிட்ட குனிஞ்சு கத்திப் பேச ஆரம்பிச்சா, அன்னைக்கே நான் கிழவன்னார்.

— அப்படியா சொன்னான்?

— அப்படியே. அதனாலதான் நீங்க வந்து குத்திக் குத்திப் பேசினப்போ வாயை மூடிக்கிட்டு இருந்தேன். உதட்டுச் சாயம்னீங்க, ஸ்டூல்னீங்க... என்னால முடியலை. நீங்க அழற மாதிரி ஆயிட்டீங்க.

— நான் அழலை. தூசி.

— சரிக்கா. தூசி.

— இந்த ஜோடியைப் பெட்டியில வை.

— வாங்கலையா?

— நல்ல சாமான்தான். மலிவுன்னாலும் கிட்டாரைத் தெளிவாத்தான் குடுக்குது. ஆனா இதை வீட்டுக்குக் கொண்டு போனா நாம பேசிக்கிட்டது தெரிஞ்சுடும். வேண்டாம்.

— அவர்கிட்ட என்ன கேக்கப் போறீங்க?

— ஒண்ணும் கேக்க மாட்டேன். கட்டில்ல பக்கம் மட்டும் மாறிக்கறேன். ஃபேன் காத்து ஆகலைன்னு சொல்லிக்கலாம். திரும்பிப் படுத்தா என் மூஞ்சியாவது தெரியும்.

— நீங்க வந்துட்டுப் போனதைச் சொல்லவா, வேண்டாமா?

— நாளைக்கு வருவானா?

— வருவார். கடைசி ஒத்திகை.

— வந்தா சொல்லு. நேத்து உன் பொண்டாட்டி வந்தா. தெருவே கூடற மாதிரி கத்தினா. இனி என் புருஷன் கண்ணுல படாதேன்னு என் முடியைப் பிடிச்சு இழுத்தா, அப்படின்னு சொல்லு.

— நீங்க என்மேல கையே வெக்கலையேக்கா.

— இழுத்தேன்னு சொல்லு. அவனுக்கு வலது பக்கமா நின்னு, நல்லா உரக்கச் சொல்லு.