அவ்வளவு மோசமில்லை

காபிக்கு நன்றி, மேடம். மூன்றாவது முறையாகக் கேட்டீர்கள், அதனால் எடுத்துக்கொண்டேன். முதல் முறை கேட்டபோது வேண்டாம் என்றேன். இரண்டாவது முறை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றேன். நீங்கள் அதை நம்பி ஃப்ளாஸ்க்கை மூடிவிட்டீர்கள். எங்கள் மின்னசோட்டாவில் முதல் இரண்டு கேள்விகளும் மரியாதைக்கு. மூன்றாவதுதான் கேள்வி. இது தெரியாத வெளியூர்க்காரர்கள் எங்கள் விருந்துகளில் பசியோடு எழுந்து போயிருக்கிறார்கள்.

உங்கள் விமான விபத்து விசாரணையும் அப்படித்தான். விபத்து நடந்த வாரம் வந்து கேட்டீர்கள். அக்டோபரில் தொலைபேசியில் கேட்டீர்கள். இன்று மூன்றாவது முறை. ஆகையால் சொல்கிறேன்.

எல்ஸ்வோல்டு விமானத் திடலில் முப்பத்தெட்டு வருடமாகப் பறக்கக் கற்றுக்கொடுக்கிறேன். திடல் என்றால் ஒரு ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் மேசைமேல் ஒரு ரேடியோ. கட்டுப்பாட்டுக் கோபுரமும் கிடையாது, அதிகாரியும் கிடையாது. இறங்க வருகிறவர் ரேடியோவில் கூப்பிடுவார், கீழே இருப்பவர் பதில் சொல்வார். பெரும்பாலும் அது செல்மர் பிரெக்கேயாகத்தான் இருக்கும், அதாவது நான். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலய வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்து உள்ளே அனுப்புகிறவனும் நான்தான். எழுபத்தொரு வயதில் ஒருவரையும் கடிந்து பேசியதில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் படிவத்தைப் பார்த்தேன். வானிலை, எரிபொருள், இயந்திரம், அதிக எடை, பயிற்சிக் குறைவு, அவசரம். எல்லாவற்றுக்கும் கீழே பைலட்டின் தவறு என்று ஒரு பெரிய கட்டம். சிறிய விமானத்தில் செத்தவர்களில் பாதிக்கு மேல் அந்தக் கட்டத்துக்குள்தான் போய்ச் சேர்கிறார்கள். செத்தவர் மறுத்துப் பேச மாட்டார், அது ஒரு வசதி. ஆனால் அதில் மரியாதை என்று ஒரு கட்டம் இல்லை. அடுத்த முறை அச்சடிக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

ஓடெல் நைகார்டு எங்கள் ஊர் மாட்டு டாக்டர், என்னிடம் பறக்கக் கற்றவன். செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை காலையில், ஓடுபாதைக்கு அரை மைல் முன்னால், சோளக்காட்டில் விழுந்து செத்தான். பனிமூட்டத்துக்குள் நுழைந்த விமானம் எது மேல் எது கீழ் என்று தெரியாமல் சுழன்று விழுந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான். பனிக்குள் போனால் காதும் வயிறும் பொய் சொல்லும். றெக்கை சாய்ந்திருக்கும், உடம்பு நேராக இருக்கிறோம் என்று சத்தியம் செய்யும். முன்னால் உள்ள கருவிகளை மட்டும் நம்பி ஓட்டப் பழகாதவன் இரண்டு மூன்று நிமிடம் தாங்கினால் பெரிது. ஆகவே லைசென்ஸ் வாங்குமுன் மூன்று மணி நேரம் அதில் பழக்க வேண்டும் என்று சட்டம். தலையில் ஒரு மறைப்பு மாட்டுவோம். வெளியே ஒன்றும் தெரியாது, கருவிகள் மட்டும் தெரியும்.

பறந்த நேரக் கணக்கு எழுதும் அவன் லாக்புக்கில் மூன்று மணி நேரம் ஆறு நிமிடம் என்று இருக்கிறது. அது என் கையெழுத்து.

நடந்தது இருபது நிமிடம். இருபதாவது நிமிடத்தில் அவனுக்கு முகம் வெளுத்து வியர்த்தது. ஒரு மனிதனை வதைப்பதற்கு எனக்கு மனம் வராது. மறைப்பைக் கழற்றிவிட்டேன். பக்கத்து ஊர்த் திடலில் இறங்கி, அங்கே உள்ள கடையில் ஆப்பிள் பை என்கிற பழப் பலகாரம் சாப்பிட்டோம். மிச்ச நேரத்தையும் அங்கேயேதான் போக்கினோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை வரும். அதையும் அந்தக் கடையில் வைத்தே முடித்தோம். பை நன்றாக இருக்கும்.

ஓடெலுக்கு மட்டும் சலுகை காட்டினேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு எல்லோரும் ஒன்றுதான். அறுபத்திரண்டு பேர் என்னிடம் கற்றார்கள், ஒருவருக்கும் நான் ஃபெயில் போட்டதில்லை. முதல் முறை தனியாகப் பறந்து இறங்கியதும் சட்டையின் பின்பக்கத்தை வெட்டி, பெயரும் தேதியும் எழுதிச் சுவரில் மாட்டுவோம். கொட்டகைச் சுவரில் நீங்களே பார்த்தீர்கள். ஐந்து ஆணிகள் காலியாக இருக்கின்றன என்று கேட்டீர்கள். விழுந்தவர்களின் துணிகளை மேசை இழுப்பறையில் மடித்து வைத்திருக்கிறேன். சுவரில் இருந்தால் புதிதாக வருகிறவர்களுக்கு மனக்கஷ்டம்.

ஆகஸ்டில் ஓடெல் ஒரு ஆப்பிள் பையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி ஆர்டிஸ் செய்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"வாத்தியாரே, போன வாரம் ஒரு சின்ன மேகத்துக்குள்ள போயிட்டேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. வெளிய வந்தப்போ விமானம் ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கு. எனக்குத் தெரியவே இல்ல."

"அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"நாம அதைப் படிக்கவே இல்ல, வாத்தியாரே."

நான் பையை வெட்டினேன்.

"உங்களைக் குத்தம் சொல்ல வரல. நானும்தானே சந்தோஷமா பை தின்னேன்? ஆனா நம்ம திடல்ல எத்தனை பேரு அப்படிப் பறக்கறாங்க, சொல்லுங்க. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வயசாச்சு, நிறுத்திக்கறேன்னு சொல்லுங்க போதும். வேற ஒரு வாத்தியாரை வரவழைச்சு எல்லாரும் திரும்பப் படிச்சுக்கறோம். விருந்து வச்சு உங்களுக்கு மரியாதை பண்றோம். காரணம் என் வாயில இருந்து வராது."

யோசிக்கலாம் என்றேன். எங்கள் பக்கத்தில் யோசிக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். அவனுக்கு அது தெரியும். இரண்டு வாரம் கழித்து, தேவாலயத்தில் காபி நேரத்தில் மறுபடி கேட்டான். என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லத்தான் கேட்டான். பார்க்கலாம் என்றேன்.

"பான்கேக் காலை முடிஞ்சதும் நம்ம பைலட் சங்கக் கூட்டம் இருக்குல்ல, அதுல மூணாவது தடவை கேட்பேன் வாத்தியாரே. எல்லாரும் இருப்பாங்க. அதுக்குள்ள நீங்களே சொல்லிட்டா எனக்கு நிம்மதி."

அவன் எவ்வளவு பணிவாகச் சொன்னான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கோபம் வரவில்லை. எழுபத்தொரு வருடத்தில் என்னிடம் ஒரு தவறு இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் அவன், அவ்வளவுதான். அன்று இரவு அவனுக்காக ஜெபம்கூடச் செய்தேன்.

பான்கேக் காலை வருடத்துக்கு ஒன்று. தேவாலயக் கூரைச் செலவுக்குப் பணம் சேர்க்கத் திடலில் பான்கேக் சுட்டு விற்போம். அக்கம்பக்கத்துத் திடல்களிலிருந்தெல்லாம் பறந்து வருவார்கள். ஓடெல்தான் எப்போதும் சூடான தோசைக்கல்லின் முன்னால் நிற்பான். பான்கேக்கைத் தலைக்கு மேல் எறிந்து பிடிப்பான், பிள்ளைகள் கத்துவார்கள். இந்த முறை வெள்ளிக்கிழமை மகளைப் பார்க்க விமானத்தில் போயிருந்தான், சனிக்கிழமை காலை திரும்ப வேண்டும்.

ஏழு மணிக்கு ஏரியிலிருந்து பனிமூட்டம் ஏறியது. ஏழரைக்கு ஓடுபாதையின் மறுகோடி காணாமல் போயிற்று. ஓடெல் வரும்வரை அடுப்பைப் பார்த்துக்கொண்ட பண்ணைக்காரர் ஹார்லன் மாவுக் கரண்டியோடு வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன செல்மர், இன்னிக்கி வித்தியாசமா இருக்கே."

வித்தியாசமாக இருக்கிறது என்பது எங்கள் ஊரில் மிகக் கடுமையான சொல்.

"அவ்வளவு மோசமில்ல" என்றேன்.

"ஓடெல் எப்ப வருவான்? நான் புரட்டினா ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் மாவு. சாப்பிட்டுட்டு யாரும் குறை சொல்ல மாட்டாங்க, அதான் கொடுமை."

ஹார்லனின் மாட்டுக்கொட்டகையைச் சுழல்காற்று தூக்கிக்கொண்டு போன அன்றும் நாங்கள் இருவரும் அவ்வளவு மோசமில்லை என்றே பேசிக்கொண்டோம். டாக்டர் கைவிரித்த பிறகு என் மனைவியைப் பற்றி யார் விசாரித்தாலும் அதைத்தான் சொன்னேன். பதினோரு நாளில் போய்விட்டாள். வாய்க்குப் பழகிய சொல் அது, மேடம்.

ஏழு நாற்பதுக்கு ரேடியோ கூப்பிட்டது.

"எல்ஸ்வோல்டு, ஓடெல் பேசறேன். ஏரிப் பக்கம் வெள்ளையா தெரியுது. கீழ பனி எப்படி, வாத்தியாரே?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காற்றின் திசை காட்டும் துணிப்பை அறுபது காலடித் தூரத்தில் கம்பத்தில் தொங்குகிறது. கம்பமும் தெரியவில்லை.

"அவ்வளவு மோசமில்ல" என்றேன்.

பிறகு மறுபடி வந்தான்.

"கிரான்பி பக்கம் நல்ல வெயில் அடிக்குது. அங்க இறங்கி யார் கார்லயாவது தொத்திக்கிட்டு வந்துடட்டுமா? கூட்டத்துக்கு வந்துடுவேன், பான்கேக்குதான் லேட்டாகும்."

கிரான்பி பதினெட்டு மைல். காரில் அரை மணி. கூட்டம் பத்து மணிக்கு.

"உன் இஷ்டம்ப்பா. ஹார்லன் உன்னைத்தான் கேட்டுட்டே இருக்கார். பிள்ளைங்களும் காத்திருக்கு. அவ்வளவு மோசமில்ல."

இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். ஹார்லன் கேட்டது உண்மை. பிள்ளைகள் காத்திருந்தது உண்மை. இஷ்டம் அவனுடையது. அவன் எங்கள் ஊரில் பிறந்தவன், அந்தச் சொல்லை எப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது முறை கேட்டிருந்தால், ஒன்றுமே தெரியவில்லை, திரும்பிப் போ என்று சொல்லியிருப்பேன். சொல்லத் தயாராக மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது முறை ரேடியோவில் பொத்தானை அழுத்தும் சத்தம் மட்டும் வந்தது. பேச்சு வரவில்லை. அதைக் கேள்வி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பிறகு எஞ்சின் சத்தம் கொட்டகைக்கு மேலே வந்தது, விலகியது, மறுபடி வந்தது. கீழே நின்றவர்கள் எல்லோரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். பார்க்க ஒன்றுமில்லை, வெள்ளைதான். சத்தம் உச்சத்துக்கு ஏறி நின்றுபோயிற்று. ஹார்லன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அந்தத் திசையில் ஓடினார். அவருக்கு முழங்கால் சரியில்லை, விழுந்து எழுந்து ஓடினார். நான் அடுப்பை அணைத்தேன். யாராவது ஒருவர் அணைக்க வேண்டும் இல்லையா.

பத்து மணிக் கூட்டம் நடக்கவில்லை.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. நீங்கள் என் மாணவர்களை விசாரித்தால் எப்படியும் சொல்லிவிடுவார்கள், நானே சொல்லிவிடுகிறேன். முதல் பாடத்தில் எல்லோருக்கும் ஒன்று சொல்வேன். தரையில் நாம் எப்படி வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம், ரேடியோவில் மட்டும் மரியாதை பார்க்கக் கூடாது, உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், கேட்டதை அப்படியே நம்ப வேண்டும் என்பேன். முப்பத்தெட்டு வருடமாக நாங்கள் யாரும் அதை மீறியதில்லை. ஓடெல் நல்ல மாணவன். நான் சொல்லிக்கொடுத்ததை மறக்க மாட்டான்.

நான்காம் நாள் ஆர்டிஸ் வந்தாள். துக்க வீட்டுக்கு நாம் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். அவள் எனக்குக் கொண்டுவந்தாள். உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கி வேகவைத்த கண்ணாடிப் பாத்திரம், அடியில் அவள் பெயர் எழுதி ஒட்டிய பட்டை. தனியாக இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களோ இல்லையோ என்று வந்தேன் என்றாள். இன்னும் அந்தப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது, எதை வைத்துக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"கடைசியா அவர்கூட பேசினது நீங்கதானாமே, செல்மர். தெரிஞ்ச குரல் ஒண்ணு கூட இருந்துச்சே. அதை நினைச்சுத்தான் நான் தூங்கறேன்" என்றாள். என் கையைப் பிடித்திருந்தாள். ஓடெலும் அதே போலத்தான் பிடிப்பான்.

பிறகு கேட்டாள். "பனி ரொம்ப இருந்துச்சா?"

"ஏதோ இருந்துச்சு" என்றேன்.

"அவர் ஏதாவது கேட்டாரா?"

"பான்கேக் பத்தித்தான் பேசிக்கிட்டோம்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள். எங்கள் ஊரில் அப்படி யாரும் பார்ப்பதில்லை.

"மூணாவது தடவை கேட்கறேன், செல்மர். அங்க கண்ணு தெரியற மாதிரி இருந்துச்சா, இல்லையா?"

"அவ்வளவு மோசமில்ல, ஆர்டிஸ்" என்றேன்.

துக்கத்தில் இருக்கிறவளிடம் வேறு என்ன சொல்ல முடியும், மேடம்? நான் யாரையும் புண்படுத்தியதில்லை.