இடக்கையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போன அம்மையாருக்கு

அன்பும் அதட்டலும் ஒரே குரலில் வாய்க்கப்பெற்ற அம்மையீர்! அடிபட்டு வந்தவரை அமர வைத்து, அமர்ந்திருந்த எங்களை எழுப்பி ஓட வைத்த எங்கள் மறுவாழ்வு நிலையத்தின் தலைவியே! தொழில் இழந்தோர்க்குத் தோள் கொடுத்த துணிவுடையீர்! உங்களுக்குத் தெரியாது என்று நினைத்து நாங்கள் சூட்டிய பெயரை, ஒரு நாள் தொலைபேசியை எடுத்து, “ஆமா, அரைநாள் அம்மாதான் பேசுறேன்” என்று நீங்களே சொல்லி, எங்கள் எல்லாரையும் ஒரே நேரத்தில் கணினித் திரைக்குள் முகம் புதைக்க வைத்த பெருந்தகையீர்! பணி நிறைவு பெறும் இந்நாளில் எங்கள் பணிவான வணக்கம்.

இதற்கு மேல் அடைமொழி அடுக்க எழுதுபவருக்குத் தெம்பில்லை. தமிழ் நன்றாக வரும் என்று சொல்லி இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். காலாண்டு அறிக்கையும் இன்று மாலைக்குள் போயாக வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றித்தான் எழுதினேன். எங்கேனும் உங்களை “பயனாளி” என்று விளித்திருந்தால் பொறுத்தருள்க.

அரைநாள் என்றால் என்னவென்று, அவைக்கு வந்திருக்கும் உங்கள் உறவினர்களுக்கும் சொல்ல வேண்டும். விபத்திலோ நோயிலோ பழைய தொழிலை விட நேர்ந்தவருக்குப் புதிய தொழில் தேடித் தருவது எங்கள் வேலை. அப்படி ஒருவரை ஓர் இடத்துக்கு அனுப்பும் முன், எங்களில் ஒருவர் அங்கே போய், அவருடைய குறையைத் தானும் சுமந்துகொண்டு, அந்த வேலையை அரைநாள் செய்து பார்த்துவிட்டு வர வேண்டும். இது அம்மையார் போட்ட சட்டம். அதனால்தான் எங்கள் ஆலோசகர் அக்கா ஒற்றைக் கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்கினார். நான் ஒரு காலை மடக்கிக் கட்டிக்கொண்டு அச்சகத்தில் தாள் எண்ணினேன். இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஒரு பக்கமாகவே நடந்தேன். “எந்த இடத்துல வலிக்குது, அதை எழுது” என்றீர்கள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபமாகத்தான் இருந்தது.

பிறகு புதிய வேலைவாய்ப்புச் சட்டம் வந்தது. வேலை தேடும் எல்லாருக்கும் ஒரே கூரை, ஒரே வரிசை என்றது. சட்டத்தை முழுக்கக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. பள்ளி முடிக்கும் முன்பே பிள்ளைகளுக்கு வேலைப் பழக்கம் தர வழி செய்தது அதுதான். வேலையில் சேர்த்ததோடு கைகழுவாதே, நிலைத்தாரா என்று பார் எனச் சொன்னதும் அதுதான். ஆனால் ஒவ்வொருவருக்கும் திட்டம் இந்தக் கெடுவுக்குள் முடிய வேண்டும் என்று கழுத்தில் கத்தியும் வைத்தது. நாங்கள் புலம்பினோம். நீங்கள் மேசைகளை நகர்த்தினீர்கள்.

அதுவரை கையிழந்து வந்த ஒருவர், தன் விபத்தை வரவேற்பில் ஒரு முறை, ஆலோசகரிடம் ஒரு முறை, சான்றிதழ் பார்ப்பவரிடம் ஒரு முறை, பயிற்சிப் பிரிவில் ஒரு முறை என்று மேசைக்கு மேசை சொல்லி அழ வேண்டியிருந்தது. நான்கு மேசைகளையும் ஒன்றாக இழுத்துப் போட்டு, “அவரு ஒரு தடவதான் சொல்லுவாரு. எல்லாரும் ஒண்ணா உக்காந்து கேளுங்க. மறந்துபோச்சுன்னா என்கிட்ட கேளுங்க, அவர்கிட்ட கேக்காதீங்க” என்றீர்கள். வாரக்கணக்கில் இழுத்த வேலை ஒரு முற்பகலில் முடிந்தது. கெடுவுக்குள் திட்டம் போனது. மற்ற நிலையங்களிலிருந்து வந்து பார்த்தவர்கள், இதில் என்ன அதிசயம், மேசையைத்தானே நகர்த்தியிருக்கிறீர்கள் என்றார்கள். அவர்களும் ஊருக்குப் போய் நகர்த்தினார்கள்.

இருந்தும் அரைநாளுக்கு ஆபத்து வந்தது. ஊழியர் வெளியே போய்ப் பெட்டி அடுக்குவது நேர விரயம், உடனே நிறுத்தவும் என்று தலைமையகம் கண்டிப்பாக எழுதிவிட்டது. வெளியே சொல்லவில்லையே தவிர, எங்களில் பலருக்கு உள்ளூர நிம்மதிதான். அந்த நேரத்தில்தான் பேருந்து ஓட்டுநர் வந்தார்.

பக்கவாதத்தில் அவருடைய இடக்கை செயலிழந்திருந்தது. வழித்தடங்கள் எல்லாம் மனப்பாடம். பணிமனையின் கட்டுப்பாட்டு அறையில் ஒலிவாங்கி முன் அமர்ந்து, எந்த வண்டி எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லும் வேலை காலியாக இருந்தது. ஒரு கை போதும். இதைவிடப் பொருத்தம் வாய்க்காது என்று உத்தரவுப்படி அரைநாள் இல்லாமலே அனுப்பி வைத்தோம். ஒரு மாதம் ஆவதற்குள் திரும்பி வந்து, வேலையை விடப்போவதாகச் சொன்னார். ஏன் என்று யார் கேட்டாலும், “எனக்கு ஒத்துவரல சார்” என்பதோடு சரி. தகுதிகாண் காலம் முடியவில்லை. விட்டுவிட்டால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அந்த வயதில், அந்தக் கையோடு, இன்னொரு வேலை கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மகளின் படிப்பும் இன்னும் முடியவில்லை.

கூட வந்திருந்த அவர் மனைவி, வெளியே நடைக்கூடத்தில் உங்களிடம் பொதுவாகத்தான் சொன்னார். “வீட்டுக்கு வந்ததும் வராததுமா பாட்டில் பாட்டிலா தண்ணி குடிக்கிறாரு மேடம். அங்க தண்ணிகூட வைக்க மாட்டாங்களா?”

மறுநாள் காலை நீங்கள் அலுவலகம் வரவில்லை. துப்பட்டாவால் இடக்கையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பணிமனையில் அவர் நாற்காலியில் அமர்ந்திருந்தீர்கள். போனவுடன் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தீர்களாம். “அப்புறம் கொஞ்ச நேரத்துல எல்லாம் விளங்கிடுச்சு” என்று பின்னால் எங்களிடம் சொன்னீர்கள்.

அந்த அறைக்குக் கனத்த இரும்புக் கதவு. கைப்பிடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடியே மறு கையால் தாழ்ப்பாளை இழுத்தால்தான் திறக்கும். கழிப்பறை வெளியே. ஒவ்வொரு முறையும் பக்கத்து இருக்கையில் இருக்கும், தன் மகள் வயதுப் பெண்ணிடம் கதவைத் திறந்துவிடச் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்கப் பெரிய வண்டியைத் தனி ஆளாகத் திருப்பிய மனிதர் அவர். முதல் நாள் கேட்டிருக்கிறார். அடுத்த நாளிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

பணிமனை மேலாளர், “கதவு எல்லாருக்கும் ஒண்ணுதானே மேடம்? இவருக்காக மாத்த முடியுமா?” என்று கேட்டாராம். நீங்கள் வாதாடவில்லை. துப்பட்டாவை அவிழ்த்து அவர் கையைக் கட்டினீர்கள், அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினீர்கள். “வாங்க சார், டீ ஆறுது” என்று வெளியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தீர்கள். உள்ளே முதலில் சிரிப்புச் சத்தம், பிறகு இரும்புச் சத்தம், பிறகு கெஞ்சல். அந்த வாரமே தோளால் தள்ளினால் திறக்கும் கதவு வந்தது. ஓட்டுநர் வேலையை விடவில்லை. இன்றும் அவர் குரல் கேட்டுத்தான் வண்டிகள் திரும்புகின்றன. தலைமையகத்துக்கு நீங்கள் எழுதிய விளக்கத்தில், புதிய சட்டம் வற்புறுத்தும் “பணியிட மதிப்பீடு” என்பதைத்தான் இந்த நிலையம் அரைநாள் என்று அழைக்கிறது என ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவர்களால் மறுக்க முடியவில்லை.

ஆன்றமைந்த அம்மையீர்! இங்கேயே நிறுத்தி வாழ்த்திவிட்டால் மடல் அழகாக முடியும். ஆனால் நேற்று நடந்ததைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் நாற்காலிக்கு இன்னும் ஆள் போடவில்லை. சட்டம் சொன்ன ஒரே கூரைப்படி, திங்கட்கிழமை முதல் நாங்கள் பொது வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பெரிய கூடத்தில், நீளமான வரிசையின் ஓர் ஓரத்தில் இருக்கப்போகிறோம். ஆள் குறைவு, வேலை இரட்டிப்பு. நேற்று மாலை பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஆலோசகர் அக்காதான் பேச்சை எடுத்தார். “அம்மா போனதும் அரைநாளை விட்டுடலாம். யாரும் கேக்கப்போறதில்ல. எனக்கு முடியலப்பா.” அவர் கெட்டவர் இல்லை, உங்களிடம் நெடுநாள் உழைத்தவர், உழைத்துக் களைத்தவர். அதனால் எல்லாரும் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டே இருந்தார்கள். நானும்தான்.

அப்போது கணினி அண்ணன், அறிக்கைகளைத் தவிர வேறெதையும் பார்க்காதவர், ஒருமுறைகூட வெளியே போகாதவர், நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டார்: “அப்ப சலவைக்கூடத்துக்கு அந்தப் பொண்ணை அப்படியே அனுப்பிடலாமா?”

காய்ச்சலில் காது கேளாமல் போன இளம் தாய் ஒருவருக்கு, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் வேலை பேசி முடித்திருக்கிறோம். பின்னாலிருந்து தள்ளுவண்டி வந்தால் அவருக்குக் கேட்காது. இயந்திரத்தின் எச்சரிக்கை மணியும் கேட்காது. அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அக்கா தலை நிமிராமலே, “நீங்க போறீங்களா?” என்றார்.

“திங்கட்கிழமை போறேன். காதுல பஞ்சு வெச்சா போதுமா, இல்ல வேற ஏதாவது வெக்கணுமா?”

எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தோம். அக்காதான் கடைசியில், மெழுகு கலந்த பஞ்சு நல்லது என்று எழுந்து தேடி எடுத்துக் கொடுத்தார்.

போற்றுதலுக்குரியீர்! நல்ல உறக்கமும் நோயற்ற உடலும், அவசரமில்லாத காலைகளும் உங்களுக்கு அமைக. பேரப்பிள்ளைகள் உங்களிடம் அடம்பிடிக்க, அதட்டத் தெரிந்தும் அதட்டாமல் இருக்கும் பேறு வாய்க்குக. எங்களை மறந்துவிட்டு நிம்மதியாக இருங்கள். நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி, என்ன நடக்கிறது என்று கேட்காதீர்கள். கேட்டால் பொய் சொல்ல எங்களுக்கு வராது.

உங்கள் வழியை என்றென்றும் காப்போம் என்று எழுதித் தருவதுதான் இத்தகைய மடல்களின் மரபு. அந்த வரியை எழுதி, எல்லாரிடமும் காட்டி, எல்லாருமாகச் சேர்ந்து அடித்துவிட்டோம். அவ்வளவு தூரத்துக்கு எங்களிடம் தெம்பில்லை, அம்மா. திங்கட்கிழமைக்கு மட்டும் ஆள் இருக்கிறது.

என்றும் உங்கள் அன்புக்கும் அதட்டலுக்கும் உரிய
நிலைய ஊழியர்கள்