நான்கு கை நட்சத்திரம்

சிங்கப்பூர் தேக்காவில் மளிகைக் கடை வைத்திருந்த என் வாப்பாவிடம் நூறு கிராம் சீரகம் கேட்டால் நூற்றுப் பத்து கிடைக்கும். கொசுறு போடாத கை, கையே இல்லை என்பார். அந்தக் கையோடுதான் 1986இல் ஜூரோங்கில் ஒரு பசைக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கே ஒருவர் ரசாயனங்களை நிறுத்துக் கொடுக்க வேண்டும், இன்னொருவர் வேதிவினையை நடத்த வேண்டும். தப்பு நடக்கக் கூடாதென்று வைத்த விதி. நிறுப்பவன் நான். நடத்துபவர் அல்போன்சம்மாள், பிடோக்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர். அவர் செய்துகொண்டிருந்தது நட்சத்திரப் பாலிமர்: நடுவில் ஒரு கரு, அதிலிருந்து நான்கு கைகள். புற ஊதா விளக்கின் கீழே கைகள் நிதானமாக, சமமாக நீளும். கரு கூடிப்போனால் இருக்கிற சரக்கு பல கைகளுக்குப் பங்காகி, ஒவ்வொன்றும் குட்டையாகிவிடும்.

தொடர்ந்து மூன்று தடவை ஒரே நீளம் வந்தால் நடத்துபவருக்கு ஓசாகாவில் இரண்டு வருடப் பயிற்சி. ஒரு ஆளுக்குத்தான் இடம். வராவிட்டால் டிசம்பரோடு அவருக்கு வேலை இல்லை.

நான் கருவில் கொஞ்சம் கொசுறு போட்டேன். பழக்கதோஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே அளவு கூடப் போட்டால் கைகளும் ஒரே மாதிரி குட்டையாகி, அதுவே வெற்றியாகிவிடும். ஆகவே ஒருநாள் இருபது மில்லிகிராம், ஒருநாள் ஐந்து, ஒருநாள் முப்பத்தெட்டு. புத்தகத்தில் சரியான எடையை எழுதிக் கையெழுத்திட்டேன். கொசுறுக்கு யாராவது பில் போடுவார்களா?

அவர் விளக்கை மாற்றினார். நைட்ரஜன் உருளையை மாற்றினார்.

"எடையை வேணா இன்னொரு தடவ பாக்கவா?" நானே கேட்டேன்.

"என்ன கஃபார் பாய், எங்கம்மா இருபது வருஷமா உங்க வாப்பா கடையிலதான் சாமான் வாங்குறாங்க. உங்க தராசையா சந்தேகப்படுவேன்?"

"அப்ப உங்க கைதான் சரியில்ல லா."

சிரித்தார். நவம்பரில் அதையே திரும்பச் சொன்னேன். சிரிக்கவில்லை, கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

டிசம்பரில் கிளம்பும்போது தன் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்தார். "நீங்க ஒருத்தர்தான் பொறுமையா கூட நின்னீங்க."

ஜனவரியில் வினையை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. எல்லாம் அவர் குறிப்பேட்டின்படிதான். நிறுப்பதற்குப் புதிதாக வந்தவரின் பின்னால் நின்று, எடை இம்மியும் பிசகாமல் பார்த்துக்கொண்டேன். மூன்று தடவையும் ஒரே நீளம்.

விமான நிலையத்துக்கு அல்போன்சம்மாள் என்னை வழியனுப்ப வந்திருந்தார், ஒரு பொட்டலம் முறுக்கோடு. புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு கிளினிக்கில் பதிவு எழுதுகிறாராம். கண்ணாடிக் குடுவையைக் கண்டாலே கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறாராம். முறுக்கை வாங்கிக்கொண்டேன். ஏழு மாதம் பாடுபட்டவர். யாராவது ஒருவர் ஓசாகா போகாவிட்டால் அவ்வளவு உழைப்பும் வீணாகியிருக்குமே.