அலமாரிக்கு மேலிருந்த பை

— பொய் சொல்லாதீங்க. காலையில நான் ஷிப்டுக்குப் போறப்ப முதுகுக் கம்பிக்குக் கரண்டு விடுற ரிமோட் தலகாணிக்கு அடியில இருந்துச்சு. இப்ப அலமாரிப் பக்கம் கெடக்கு.

— அதுக்கும் கால் மொளச்சிருச்சோ என்னமோ, குளோரி. எனக்கே மொளைக்குது, அதுக்கு மொளைக்கக் கூடாதா?

— வெளையாடாதீங்க. இடுப்புல வச்ச பேட்டரி பாதிக்குக் கீழ எறங்கியிருக்கு. வாக்கரும் கட்டில் பக்கம் இல்ல. நின்னீங்களா?

— மொதல்ல அந்த மீ கோரேங் பொட்டலத்தப் பிரி லா. பசிக்குது.

— நின்னீங்களா, இல்லையா?

— நின்னேன்.

— மாதாவே.

— விழல. எங்கயும் அடிபடல. பாரு, முழுசா இருக்கேன்.

— பிஸியோ டேரன் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே, ஜோசப்ராஜ் அண்ணே, நீங்க ஆள் துணையில்லாம நிக்கவே கூடாதுன்னு. விழுந்து, முதுகுத் தண்டுல வச்ச கம்பி நகந்துச்சுன்னா மறுபடியும் ஆப்ரேஷன். மறுபடியும் கோலாலம்பூர் ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் படுக்கணும்.

— எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியா?

— சரி, சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?

— எல்லாரும் கரண்டுதான் என்னைத் தூக்கி நிறுத்துதுன்னு நெனைக்கிறாங்க. பக்கத்து வீட்டு அந்தோனியம்மா, ஷாக் அடிக்குதா தம்பின்னு கேக்குது. அப்படி இல்ல லா. இத்தன வருஷமா நான் சொல்றது காலுக்குக் கேக்கல. கரண்டு வந்தா அது காதத் தீட்டி வச்சுக்குது, அவ்வளவுதான். நில்லுன்னு நான்தான் சொல்லணும். சொன்னேன். தொடை நடுங்குச்சு, முட்டி உதறுச்சு, அப்புறம் கேட்டுக்கிச்சு.

— சந்தோஷமா இருக்குங்க. நெசமாத்தான். ஆனா கோவமும் வருது. எதுக்கு நான் இல்லாதப்ப?

— அலமாரி மேலருந்து ஒரு சாமான் எடுக்கணும்.

— என்னக் கேட்டா எடுத்துத் தர மாட்டேனா?

— உன்னக் கேட்டு எடுக்கிற சாமான் இல்ல. கட்டிலுக்கு அந்தப் பக்கம் பாரு.

— அந்தப் பையை எதுக்கு எறக்குனீங்க?

— நாலு வருஷமா மல்லாந்து படுத்தா எனக்கு அது ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியும். கிள்ளானுக்கு உங்க அக்கா வீட்டுக்குப் போயிரலாம்னு நீ தூக்கிட்டுக் கிளம்புன பை.

— உங்களுக்கு யார் சொன்னா?

— அன்னிக்கே தெரியும். நீ பையோட லாபு ரயில் ஸ்டேஷனுக்குப் போறன்னு அந்தோனியம்மா பாடாங்கு மைதானத்துக்கே வந்து சொல்லிச்சு. பந்து ஆட்டத்தப் பாதியில விட்டுட்டு மோட்டார் சைக்கிள எடுத்தேன். செம்பனைக் குலை ஏத்திட்டு வந்த லோரி, அந்த வளைவுல...

— ஸ்டேஷனுக்கா வந்தீங்க? கோப்பிக் கடைக்குப் போறப்ப விழுந்தேன்னுல்ல இத்தன நாளும் சொன்னீங்க.

— வேற என்ன சொல்றது? உன்னத் தேடி வந்து விழுந்தேன்னா? நீ அதையே நெனைச்சு அழுதுக்கிட்டு இருப்ப. லோரி வந்தது உன்னாலயா?

— ரயில் வர்றதுக்குள்ள போன் வந்துச்சு. அப்படியே திரும்பி ஓடியாந்தேன்.

— அதத்தான் கேக்குறேன் குளோரி. எனக்காகத் திரும்பி வந்தியா, என் ஒடஞ்ச முதுகுக்காக வந்தியா?

— என்ன கேள்விங்க இது?

— இத்தன நாள் கேக்கப் பயமா இருந்துச்சு. கம்பி வச்சப்புறம் மொத மொதல்ல என் கால் கட்டைவிரல் ஆடுச்சே, அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீ அழுத அழுகையப் பாத்து நர்சும் சேந்து அழுதுச்சு. அதுக்கப்புறம்தான் கேக்கலாம்னு தைரியம் வந்துச்சு.

— நான் எதுக்குக் கிளம்புனேன்னாவது தெரியுமா உங்களுக்கு?

— நான் வீடு தங்கல.

— வேலை விட்டா பாடாங்கு, பாடாங்கு விட்டா கோப்பிக் கடை. சோத்தப் போட்டு மூடி வச்சுட்டு நான் செவுத்துக்கிட்டப் பேசிக்கிட்டு இருப்பேன். நீங்க வந்தா ஒரு 'ம்'கூட வராது. நான் காய்ச்சல்ல கெடந்தப்பவும் அந்தோனியம்மாதான் கஞ்சி வச்சுக் குடுத்துச்சு.

— இப்ப பேசுறேனே. காலையில ஆரம்பிச்சா நீ தூங்குற வரைக்கும் பேசுறேன்.

— போக எடமில்லாம பேசுறீங்க.

— அப்படியா நெனைக்கிற?

— கோவிச்சுக்காதீங்க. இந்த நாலு வருஷந்தான் எனக்குப் புருஷன்னு ஒருத்தர் இருந்தாரு. உங்களத் தூக்குனது, குளிப்பாட்டுனது, தொடச்சு விட்டது எதுவும் எனக்குப் பாரமாத் தெரியல. கால் வந்துச்சுன்னா அந்தப் பழைய ஆளும் கூடவே வந்துருவாரோன்னுதான் பயம். பயந்துக்கிட்டேதான் தெனம் சாயங்காலம் உங்க காலை மடக்கி மடக்கி நீட்டி விட்டேன்.

— அவன் வர மாட்டான், குளோரி.

— அத உங்க கால்தான் சொல்லணும்.

— சரி. அதுக்குத்தான் பையை எறக்குனேன். படுத்துக் கெடக்கிறவன விட்டுட்டுப் போயிட்டாள்னு நம்ம தோட்டத்து லயத்துல ஒருத்தன் உன்னப் பேசக் கூடாது. இப்ப நான் நிக்கிறேன். போகணும்னா போ. இருக்கிறதா இருந்தா எனக்காக இரு, முதுகுக்காக இருக்காத.

— பையத் தொறந்து பாத்தீங்களா?

— இல்ல. அது உன் பை. ஆனா ஒண்ணு கேக்கணும். அலமாரி மேல அவ்வளவு தூசி, என் கையப் பாரு. பை மேல மட்டும் தூசியே இல்ல.

— ம்.

— இழுத்தேன், தொப்புன்னு விழுந்துச்சு. கனமாவும் இருக்கு.

— பழைய துணியெல்லாம் நீங்க அடிபட்டு ஆஸ்பத்திரியிலருந்து வந்தப்பவே எடுத்து மடிச்சு வச்சுட்டேங்க. ரொம்ப நாள் அது வெறும் பையாத்தான் மேல கெடந்துச்சு.

— அப்புறம்?

— உங்க கட்டைவிரல் ஆடுச்சே, அன்னிக்கு வீட்டுக்கு வந்துதான் மறுபடியும் என் துணிய அடுக்குனேன்.