கிளி உண்டியல்

"கிளி உண்டியல் கனத்துக்கிட்டே போவுதுக்கா. அதான் பயமா இருக்கு."

காரைக்கால் போகும் பேருந்தில், என் முன்னிருக்கையில் கருவாட்டுக் கூடையோடு இரண்டு பெண்கள். இளையவள்தான் இப்படிச் சொன்னாள்.

"கனத்தா நல்லதுதானடி? மவளுக்குக் கிளி வாங்கத்தானே சேக்குறீங்க?"

"தடைக்காலம். அவரு கடலுக்கே போவல. காசு எங்கேருந்துக்கா வரும்?"

"குடியை விட்டுட்டேன், அந்தக் காசுன்னு என் வீட்டுக்காரர்ட்ட சொன்னாராமே?"

"எங்கிட்டயும் அப்படித்தான் சொல்றாரு. நேத்து கொழுந்தன் வலை கட்ட உக்காந்தா, ஈயக்குண்டுல பாதியக் காணோம்."

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள். "காச எடுத்துட்டு ஈயத்தப் போட்டு வைக்கிறாரோ?"

"குலுக்குனா காசு சத்தம் மாதிரியே இல்லக்கா."

"அப்ப ஒடைச்சுப் பாத்துட வேண்டியதுதானடி?"

"எப்படிக்கா ஒடைக்கிறது? வாங்கப் போற கிளிக்கு என் மவ பேரே வச்சிட்டா."